நான் எந்த நாட்டான்?

எந்த மொழியைக் கற்கப் புகுந்தாலும் முதற்பாடத்தில் மூன்று கேள்விகள் நமக்காகக் காத்திருக்கும். உன் பெயர் என்ன? என்ன செய்கிறாய்? எந்த நாட்டைச் சேர்ந்தவன்? ஸ்பானிய மொழிப் பாடநூலும் இதற்கு விலக்கன்று. முதல் இரண்டுக்கும் ஒரே மாலையில் விடை எழுதிவிட்டேன். மூன்றாவது கேள்வியிடம் ஏறத்தாழ ஓராண்டாக நின்றுகொண்டிருக்கிறேன். 'இதென்ன பெரிய வினா? இந்தியன் என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகவேண்டியதுதானே!' என்று நண்பர்கள் நகைக்கலாம். அப்படி எளிதாக எழுதிவிட்டுப் போக அந்த மொழி விடவில்லை என்பதுதான் செய்தி.

வரலாறு படிக்கும் மாணவனுக்கு ஸ்பானியம் எதற்கு என்று நம் துறையிலேயே கேட்டார்கள். என் மூத்த காக்கா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். (எங்கள் கடற்கரை ஊர் மரைக்காயர் வீடுகளில் அண்ணனைக் 'காக்கா' என்றுதான் அழைப்போம். பறவையை நினைத்துச் சிரிக்கவேண்டாம்.) அவர் விடுப்பில் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் ஏதேனும் ஒரு வியப்பு இருக்கும். ஒருமுறை அட்டை கிழிந்த ஸ்பானிய இலக்கண நூல் ஒன்று இருந்தது. 20 நாடுகளுக்கு ஆட்சிமொழியாக விளங்கும் ஒரு மொழி எங்கள் வீட்டுப் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாவானேன் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். உச்சரிப்புக்குக் கைப்பேசி துணை செய்தது.

நாட்டுப் பெயரிலிருந்தும் ஊர்ப் பெயரிலிருந்தும் அங்குள்ள மக்களைக் குறிக்கப் பிறக்கும் சொல்லை ஸ்பானிய இலக்கணத்தார் 'ஹென்திலீஸியோ' என்பர். குலம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. இச்சொற்களுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஒரே சொல் பெயராகவும் நிற்கும்; இன்னொரு பெயருக்கு அடையாகவும் நிற்கும். 'எஸ்பான்யோல்' என்றால் ஸ்பெயின் நாட்டு ஆண். ஸ்பெயின் நாட்டு மதுவைச் சொல்லும்போது மதுவுக்குப் பின்னால் அடையாக வருவதும் அதே எஸ்பான்யோல். அவர்கள் பேசும் மொழிக்கும் எஸ்பான்யோல் என்றே பெயர். தமிழில் நாம் இந்தியன் என்றால் ஆள், இந்திய என்றால் அடை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. அங்கே ஆளும் அடையும் ஒரே சட்டையை மாற்றி மாற்றி அணிந்துகொள்கின்றன.

அந்தச் சட்டைக்குப் பாலும் எண்ணும் உண்டு. உணவு பெண்பால் என்பதால் மெக்சிகோ உணவு 'மெஹிக்கானா'. மது ஆண்பால் என்பதால் மெக்சிகோ மது 'மெஹிக்கானோ'. அஃறிணைக்கு ஏனய்யா ஆண் பெண் என்று தமிழ் படித்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனால் ஒரு எடுத்துக்காட்டைக் கண்டபின் கோபம் தணிந்தது. கவிஞரைக் குறிக்கும் 'பொயெத்தா' என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சிலி நாடு இலக்கியத்துக்கான நோபல் பரிசை இருமுறை பெற்றது. 1945-இல் கேப்ரியலா மிஸ்ட்ரல். 1971-இல் பாப்லோ நெருடா. 'சிலி நாட்டுக் கவிஞர்' என்று தமிழில் சொன்னால் இருவரில் யார் என்று தெரியாது. ஸ்பானியத்தில் 'பொயெத்தா சிலேனா' என்றால் மிஸ்ட்ரல். 'பொயெத்தா சிலேனோ' என்றால் நெருடா. கவிஞர் ஆணா பெண்ணா என்பதைக் கவிஞர் என்னும் சொல் சொல்லவில்லை. நாட்டைக் குறித்த அடை சொல்லிவிடுகிறது!

எல்லாச் சொற்களும் இப்படி ஓகாரத்திலும் ஆகாரத்திலும் முடிந்துவிட்டால் பாடம் படிப்பது எளிது. மொராக்கோ நாட்டவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'மர்ரோக்கீ'. பெல்ஜியத்தார் இருபாலரும் 'பெல்கா'. கனடா நாட்டவர் 'கனதியென்ஸே'. ஆங்கிலேயன் 'இங்லேஸ்' என்று எழுதும்போது தலைமேல் ஒரு கோடு போடவேண்டும். 'இங்லேஸா' என்று பெண்ணாகும்போது அந்தக் கோடு விழுந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மனப்பாடம் ஒன்றே மருந்து. இன்னொரு வேடிக்கை: ஸ்பெயின், மெக்சிகோ என நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குகிறார்கள், அந்நாட்டு மக்களைக் குறிக்கும் சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்குகிறார்கள். ஆங்கிலம் இரண்டுக்கும் பெரிய எழுத்தே தரும். பெரிது சிறிது என்னும் வேறுபாடே இல்லாத எழுத்தில் படித்து வளர்ந்த எனக்கு, நாடு பெரிதா மக்கள் பெரிதா என்று அவர்கள் எப்போது வாக்கெடுத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது.

ஊர்ப்பெயர்களில் இன்னும் சுவை. ஸ்பெயினின் தென்மேற்கிலுள்ள உவெல்வா நகரத்தார் தம்மை உவெல்வா என்பதோடு ஒட்டாத ஒரு பெயரால் 'ஒனுபென்ஸே' என்கிறார்கள். உரோமர் காலத்தில் அந்த ஊருக்கு ஒனுபா என்று பெயர். ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது; மக்கள் பழைய பெயரை விடவில்லை. காதிஸ் நகரத்தார் 'கதித்தானோ' என்பதும் அவ்வாறே பழம்பெயரின் எச்சம். புவெனோஸ் ஐரிஸ் நகரத்தாரோ 'போர்த்தேன்யோ', அதாவது துறைமுகத்தார். புதுக்கோட்டையைப் புதுகை என்றும் உதகமண்டலத்தை உதகை என்றும் மரூஉவாக்கிப் பழகிய நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை.

நம் இலக்கணம் இதுபற்றி என்ன சொல்கிறது என்று பார்க்க நன்னூலைப் புரட்டினேன். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடிப்படையில் பெயர் பிறக்கும் என்கிறது இலக்கணம். அவற்றுள் இரண்டாவதாக நிற்கிறது இடம். மதுரையான் என்பது இடப்பெயர். அதோடு முடியவில்லை. 'அவன் மதுரையான்' என்று சொல்லும்போது அதே சொல் குறிப்பு வினைமுற்றாகிவிடுகிறது. 'ஆவான்', 'இருக்கிறான்' என்று வேறு வினை தேவையில்லை. ஊர்ப்பெயரே வாக்கியத்தை முடித்து வைக்கும். ஸ்பானியத்தில் 'நான் இந்தியன்' என்பதற்குச் 'சோய் இந்தியோ' என்கிறார்கள். 'சோய்' என்பது வினை. 'ஒரு' என்று பொருள்படும் சொல்லை இடையில் இடுவதில்லை. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் இவ்விடத்தில் 'நான் ஒரு இந்தியன்' என்று எழுதித் திருத்தம் வாங்குவார்களாம். தமிழனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த 'ஒரு' சின்னச் சொல்தான். ஆனால் அது சேர்ந்ததும் அடை பெயராக இறுகிவிடுகிறது. 'மர்ரோக்கீ மருத்துவர்' என்றால் அவர் மருத்துவர்; மொராக்கோ நாட்டவர் என்பது அவரைப் பற்றிய செய்திகளுள் ஒன்று. அவருக்கு ஊர் இருக்கலாம், வயது இருக்கலாம், பாட்டுப் பிடிக்கலாம். 'ஒரு மர்ரோக்கீ' என்று மட்டும் சொன்னால் மருத்துவர் மறைந்துபோகிறார். நாடு மட்டும் நிற்கிறது. அடை ஆளோடு வருகிறது. பெயர் ஆளை விழுங்கிவிடுகிறது. ஸ்பானிய இலக்கணத்தில் இதற்கு ஒரு விடுகதைகூட உண்டு. 'ஊன் வியேஹோ எஸ்பான்யோல்' என்று எழுதினால், வியேஹோ என்பதற்கு முதியவன் என்றும் முதிய என்றும் இருபொருள். எஸ்பான்யோல் என்பதற்கும் அவ்வாறே. முதியவன் ஒருவன், அவன் ஸ்பெயின் நாட்டான் என்பதா? ஸ்பெயின் நாட்டான் ஒருவன், அவன் முதியவன் என்பதா? இருவரும் ஒருவர்தானே என்பீர்கள். எதை ஆளாகக் கொள்கிறோம், எதை அவன்மேல் ஏற்றுகிறோம் என்பதில் இருவரும் ஒருவரல்லர்.

என் தங்கை ஒருநாள் அருகிலிருந்து, 'நான் என்னை எப்படிச் சொல்லவேண்டும்?' என்று கேட்டாள். இந்தியோ என்பதன் பெண்பால் 'இந்தியா'. 'சோய் இந்தியா' என்று சொல்லச் சொன்னேன். 'நான் நாடா?' என்று அவள் விழித்தாள். அர்ஜென்டினா நாட்டுப் பெண்ணுக்கும் இதே பெருமை உண்டு, அவளும் 'அர்ஹென்தீனா'தான். நம் தமிழில் இந்தியன் உண்டு, இந்தியர் உண்டு; 'இந்தியள்' என்று யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா? இந்தியப் பெண் என்று அடையைக் கொண்டுதான் சமாளிக்கிறோம். அவர்கள் மொழியிலோ ஒன்பது பெண்களோடு ஓர் ஆண் நின்றால் பத்துப் பேரும் ஆண்பாற் பன்மையாகிவிடுகிறார்கள். பலர்பாலைத் தனியே வைத்த நம் முன்னோர் இதில் நடுநிலை காத்தார்கள். ஆனாலும் இந்தியளை ஏன் விட்டுவிட்டோம் என்பதற்கு விடை எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் பாடநூலின் எல்லைக்குள் அடங்கும் செய்திகள். எல்லைக்கு வெளியே என்னை இழுத்துப்போனவர் காக்காதான்.

அவருடைய கப்பல் ஒருமுறை பெரு நாட்டுத் துறைமுகம் ஒன்றில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. துறைமுகத் தொழிலாளி ஒருவர் வெற்றிலைக்கறை படிந்த இவர் பல்லைப் பார்த்துவிட்டு, எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். இவர் தமக்குத் தெரிந்த நாலு சொல்லில், 'சோய் இந்தியோ' என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டுத் தம் மார்பைத் தொட்டு, 'இந்தியோ நானல்லவா! நீ இந்தூ' என்றாராம். ஹகரத்தை எழுதிவிட்டு ஒலிக்காமல் விடுவது ஸ்பானியர் வழக்கம். அவர் சொன்னது 'இந்து'. ஐவேளைத் தொழுகையைக் கப்பல் தளத்திலும் தவறவிடாத என் காக்கா அன்று முதல் அந்தத் துறைமுகத்தில் இந்துவானார். வீட்டில் இதைச் சொன்னபோது வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தத் தொழிலாளியின் மார்பில் கை வைத்த பெயர் யார் வைத்தது என்று தேடத் தொடங்கினேன்.

1492 ஆகஸ்ட் 3-ஆம் நாள் கொலம்பஸ் மூன்று கப்பல்களோடு புறப்பட்டது பாலோஸ் துறையிலிருந்து. மேலே சொன்ன ஒனுபென்ஸேக்களின் நாட்டுப்புறம்தான் அது. அக்டோபர் 12-ஆம் நாள் கரிபியத் தீவொன்றில் கால் வைத்தவர், இந்தியத் தீவுகளை அடைந்துவிட்டதாகவே நம்பினார். எதிரே நின்றவர்களுக்கு இந்தியோஸ் என்று பெயரானது. அது வேறு கண்டம் என்று சில ஆண்டுகளில் ஐரோப்பா உணர்ந்துகொண்டது. ஆனால் பெயரைத் திரும்பப் பெற யாரும் வரவில்லை. மெக்சிகோவின் நகரங்களைக் கட்டியவர்களும், ஆண்டிஸ் மலையில் கல்மேல் கல் பொருத்தியவர்களும், ஒருவரையொருவர் அறியாத, ஒருவர் மொழி ஒருவர்க்குப் புரியாத நூற்றுக்கணக்கான இனத்தாரும் ஒரே சொல்லில் அடைக்கப்பட்டார்கள். அச்சொல் வெறும் அடையாளமாகவும் நிற்கவில்லை. வரி கட்டவேண்டியவன், கூலியின்றி வேலை செய்யவேண்டியவன் என்னும் சட்டப்பொருளும் அதில் ஏறிக்கொண்டது. இன்றும் இலத்தீன் அமெரிக்கத் தெருக்களில் 'இந்தியோ' என்பது வசைச்சொல்லாக வீசப்படுவதுண்டு. 1969 ஜூன் 24-ஆம் நாள் பெருவில் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதிபர் வெலாஸ்கோ, அதுவரை 'இந்தியோ நாள்' என்றிருந்த அந்நாளை 'உழவர் நாள்' என்று மாற்றினார். நிலத்தோடு பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது! இப்போது மரியாதையாக வழங்கும் சொல் 'இந்தீஹெனா'. பார்த்தால் இந்தியாவின் உறவுபோலத் தோன்றும். உண்மையில் மண்ணின் உள்ளே பிறந்தவர் என்னும் இலத்தீன் சொல் அது. இந்தியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் விந்தை. அது ஆசியாவிலேயே இருக்கிறது. அங்கும் ஸ்பானியர் உள்நாட்டு மக்களை இந்தியோஸ் என்றே எழுதினார்கள். அரசன் பிலிப்பின் பெயரால் வழங்கிய தீவுகளுக்குரிய 'பிலிப்பினோ' என்னும் சொல்லை அங்கே பிறந்த ஸ்பானியர்களுக்கு ஒதுக்கிவைத்தார்கள். மண்ணுக்குரியவனுக்கு வேறு நாட்டுப் பெயர். வந்து குடியேறியவனுக்கு மண்ணின் பெயர்! ஹோசே ரிசாலும் அவர் நண்பர்களும் 1889-இல் பாரிசில் தங்கள் கூட்டத்துக்கு 'வீர இந்தியோக்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வசையை எடுத்து மார்பில் அணிந்துகொள்வதும் ஒரு விடைதான். இன்று காக்காவின் கப்பலில் உடன் வேலை செய்யும் பிலிப்பினோக்களில் பலருக்கு இந்தப் பழங்கதை தெரியாதாம்.

ஆகவே உண்மையான இந்தியன் ஸ்பானிய மொழியின் வாசலில் வந்து நின்றபோது அவன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அதுவும் விரும்பி உட்காரவில்லை. வந்தவனுக்கு வேறு இருக்கை தேடினார்கள். இந்தூ என்பது அகப்பட்டது. ஸ்பானிய அரசவைக் கழகத்தின் அகராதி அச்சொல்லுக்கு இந்து சமயத்தார் என்பதோடு இந்திய நாட்டார் என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. குழப்பம் நேராத இடத்தில் வழங்கலாம் என்பது அறிஞர் கருத்து. வேளாங்கண்ணிக் கிறித்தவரும் இந்தூ, அமிர்தசரஸ் சீக்கியரும் இந்தூ, நானும் இந்தூ. குழப்பம் நேராத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

மூலத்தைப் பார்த்தால் இந்தியாவும் இந்துவும் ஒரே ஆற்றின் பெயரிலிருந்து கிளைத்தவை. அந்தச் சிந்து இன்று பெரும்பகுதி பாகிஸ்தானில் ஓடுகிறது. அரபியர் அதே மூலத்திலிருந்து இந்திய நாட்டானை 'ஹிந்தீ' என்பர். கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற என் பாட்டனாரை மக்காவில் கடைக்காரர்கள் 'ஹிந்தீ, ஹிந்தீ' என்று அழைத்தார்களாம். வாழ்நாளில் இந்தியில் ஒரு சொல்லும் அறியாதவர் அவர்!

ஸ்பானியர் மட்டும் என் பெயரை மாற்றினார்கள் என்று குறைப்பட எனக்கு உரிமை உண்டா என்று பார்த்தேன். பள்ளி விளையாட்டுத் திடலில் நான் அடிக்கடி கேட்ட சொல் 'துலுக்கன்'. துருக்கன் என்பதன் திரிபு அது. துருக்கி இனத்தான் என்று பொருள். எங்கள் தலைமுறைகளில் துருக்கியைப் பார்த்தவர் எவருமில்லை. வடக்கே படையெடுத்து வந்த துருக்கர் பெயர், அரபிக் கடல்வழியே மிளகும் முத்தும் விற்ற மரக்கலக்காரர் மேலும், இந்த மண்ணிலேயே பிறந்து கலிமா சொன்னவர் மேலும் ஒட்டிக்கொண்டது. பூவும் தப்பவில்லை. துலுக்கச் சாமந்தி என்கிறோமே, அது மெக்சிகோவில் பிறந்த செடி. ஆங்கிலத்தில் ஒரு வகையைப் பிரெஞ்சு என்றும் இன்னொன்றை ஆப்பிரிக்க என்றும் அழைக்கிறார்கள். நாட்டு அடையை நம்பி நாட்டைத் தேடினால் அந்தப் பூவிடமே ஏமாந்துபோவோம்.

ஸ்பானியம் படித்ததில் எனக்குக் கிடைத்த ஆறுதல், இந்தத் 'துருக்கன்' தனியாள் இல்லை என்பது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து ஏராளமானோர் தென்னமெரிக்கா சென்றார்கள். அன்று அவர்கள் மண் ஒட்டோமான் ஆட்சியில் இருந்ததால் கையிலிருந்த கடவுச்சீட்டு துருக்கியுடையது. அவ்வளவுதான், 'தூர்க்கோ' என்று பெயராகிவிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்கள், அரபு பேசியவர்கள். துருக்கியர் ஆட்சியைவிட்டு ஓடிவந்தவனுக்குத் துருக்கியன் என்றே பெயர் வைத்தால் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 1967-இல் வெளிவந்த மார்க்வெஸின் புகழ்பெற்ற நாவலில் மகோந்தோ ஊரில் அரபு வணிகர் கடை வைத்திருக்கும் தெருவுக்குத் துருக்கர் தெரு என்றே பெயர். 1989 முதல் 1999 வரை அர்ஜென்டினாவின் அதிபராயிருந்த கார்லோஸ் மெனம் சிரிய வழியினர். அவருக்கும் 'எல் தூர்க்கோ' என்பதே செல்லப்பெயர். ஜப்பானிய வழியினரான பெரு அதிபர் புஹிமோரி 'எல் சீனோ', அதாவது சீனர்! அர்ஜென்டினாவில் ஸ்பெயின் நாட்டார் எல்லாருமே 'கய்யேகோ'. ஸ்பெயினின் ஒரு மூலையான கலீசியாவிலிருந்து பலர் வந்தார்கள் என்பதற்காக, அந்தலூசியாக்காரனும் அங்கே கலீசியன்தான். பெயர் வைத்தவர்களுக்கே பெயர் திரும்பி வந்ததைப் படித்தபோது கொஞ்சம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

'மோரோ' என்னும் சொல்லிடம் வந்தபோது அந்த மகிழ்ச்சி போய்விட்டது. ஆப்பிரிக்காவின் வடமேற்கில் உரோமர் காலத்தில் மவுரித்தானியா என்றொரு நிலம். 711-இல் அப்பக்கமிருந்து முஸ்லிம்கள் ஸ்பெயினுள் நுழைந்தார்கள். அன்று முதல் முஸ்லிம் என்றாலே மோரோ. 1492 ஜனவரி 2-ஆம் நாள் கிரனாடா வீழ்ந்தது. ஆம், கொலம்பஸ் புறப்பட்ட அதே ஆண்டு. அதன்பின் எஞ்சியவர்களை வலிந்து ஞானஸ்நானம் செய்வித்தார்கள். இப்போது அவர்கள் சமயத்தால் கிறித்தவர். இனி மோரோ என்று சொல்ல முடியாது. அப்போது மொழி ஓர் ஒட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. 'இஸ்கோ' என்னும் விகுதி சேர்த்து 'மொரீஸ்கோ' என்றார்கள். மோரோப் பாங்குடையவன் என்பது பொருள். அடையாகப் பிறந்த அச்சொல் பெயராக இறுகியது. நூறாண்டு கழித்து, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் அந்தப் பெயரைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். 1609-க்கும் 1614-க்கும் இடையில் ஏறத்தாழ 3 லட்சம் மொரீஸ்கோக்கள் பிறந்த மண்ணிலிருந்து கப்பலேற்றி வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் பலருக்குத் தாய்மொழி ஸ்பானியம். ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியபோது அங்கிருந்தவர்கள் அவர்களை அந்நியராகவே கண்டார்கள். விகுதி ஒன்று என்ன செய்யும் என்று இலக்கண வகுப்பில் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

மோரோ அதோடு நிற்கவில்லை. பிலிப்பைன்ஸின் தெற்கே முஸ்லிம்களைக் கண்ட ஸ்பானியர், 'இங்கேயுமா!' என்று அவர்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அம்மக்கள் பிற்காலத்தில் அதையே தம் இனப்பெயராக ஏற்றுக்கொண்டார்கள்; 2019-இல் அமைந்த அவர்கள் தன்னாட்சிப் பகுதியின் பெயர் பாங்சமோரோ. ஸ்பானியரின் அண்டை வீட்டாரான போர்த்துகீசியர் 1505-இல் இலங்கைக்கு வந்தபோது அச்சொல்லின் தம் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அது ஆங்கிலேயர் கைக்கு மாறி, இலங்கைக் குடிக்கணக்கில் இன்றுவரை 'மூர்' என்று ஏறிக்கொண்டிருக்கிறது. தமிழ் பேசும் அந்த முஸ்லிம்கள் தமிழில் தம்மைச் சோனகர் என்பர். அது தமிழ்ச் சொல்லாயிற்றே என்று நிம்மதியாக மூச்சுவிடப் போனால், சோனகர் என்பது யவனர் என்பதன் திரிபு என்று அகராதி சொல்கிறது. யவனர் என்றால் முதலில் கிரேக்கர்! ஊரில் துருக்கன், பெருவில் இந்து, மக்காவில் ஹிந்தீ, அகராதியில் கிரேக்கன். முதற்பாடத்தின் மூன்றாவது கேள்வியில் நான் ஏன் ஓராண்டு நின்றேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஒன்று சொல்லவேண்டும். இவ்வளவு செய்த அதே ஸ்பானிய மொழியில்தான் ஒரு நேர்மையான சொல்லும் இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டாரை உலகமே அமெரிக்கர் என்கிறது, நாமும் அப்படித்தான். ஸ்பானியத்தில் 'எஸ்தாதோவுனிதென்ஸே', ஐக்கிய நாட்டார், என்று தனிச்சொல் உண்டு. சிலியும் கியூபாவும் இருப்பதும் அமெரிக்காவில்தானே, அப்பெயரை ஒரு நாடு மட்டும் எடுத்துக்கொள்வதெப்படி என்பது அவர்கள் வழக்கு. கியூபாவின் ஹோசே மார்த்தி 1891-இல் எழுதிய கட்டுரைக்கு 'நம் அமெரிக்கா' என்று தலைப்பிட்டதன் உள்ளே இந்த வழக்கும் இருக்கிறது. சொல் நீளமானது, நாக்கு சுளுக்கும். ஆனாலும் செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள்.

காக்கா கண்டுபிடித்த வழி வேறு. பெயரும் வேண்டாம் அடையும் வேண்டாம் என்று அவர் இப்போதெல்லாம் 'சோய் தெ லா இந்தியா' என்று சொல்லிவிடுகிறாராம். நான் இந்தியாவைச் சேர்ந்தவன் என்பது பொருள். அதில் ஆண்பால் பெண்பால் தொல்லையில்லை. தங்கையும் அதையே சொல்லலாம். கேட்டவர் நெற்றியைச் சுருக்குவதுமில்லை. மொழியைக் கேட்டால் 'தமில்'. அச்சொல் இருபாலுக்கும் ஒன்றே, பன்மையில் 'தமிலேஸ்'. ழகரம்தான் கடலில் விழுந்துவிட்டது.

நம் கல்லூரிக்கு எதிரே உள்ள உணவகத்தில் பரிமாறும் தம்பி ஒருவனை எல்லாரும் 'ஏ, இந்திக்காரா!' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் மாவட்டத்தான். வீட்டில் பேசுவது வங்காளி. தமிழை இரண்டே ஆண்டில் நன்றாகப் பிடித்துக்கொண்டான். ஒருநாள், 'உன்னை இந்திக்காரன் என்கிறார்களே, வருத்தமில்லையா?' என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, 'எங்க ஊர்ல உங்களை எல்லாம் மாத்ராஜின்னு சொல்வோம் அண்ணா' என்றான்.

'கேரளாக்காரங்களையுமா?'

'எல்லாரையுந்தான்' என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.